சுந்தரராஜுலு சொன்ன இரண்டு விமர்சனங்கள்

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே போனால் சுந்தரராஜுலுவின் மோட்டார் கடை வரும். கடை என்றால் விற்கிற கடை இல்லை. புகைந்து போன கிணற்று மோட்டாரையும் போர்வெல் மோட்டாரையும் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற இடம். முப்பத்தியொரு வருஷமாக அதே இடம், அதே ஆள். வயது ஐம்பத்தெட்டு. வயிறு கொஞ்சம் முன்னே வந்திருக்கும், மீசை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். இரண்டுக்கும் காரணம் கேட்கக் கூடாது.

தொழிலில் அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. மோட்டாரை இறக்கி வைத்ததும் மற்றவர்கள் போலத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எதையாவது சொல்லிவிட மாட்டார். மெகர் என்கிற சின்னப் பெட்டியின் ஒயரை இரண்டு பக்கமும் மாட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். “சுத்துனா ஓடுமுங்க” என்றால் ஓடும். “தேறாதுங்க, புதுசு வாங்கிக்குங்க” என்றால் வேறு எந்தக் கடையிலும் தேறாது. துடியலூரிலிருந்து காரமடை வரைக்கும் தோட்டக்காரர்கள் ராஜு என்று கூப்பிட்டு, அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுக் கோவைக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் புகைந்தால் வாழைக்கு மத்தியானம் வரை தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். யார் படம், என்ன படம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. திரை வெளிச்சமானால் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தியேட்டர் வாசலில் வர்ஷினி என்கிற பெண் அவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினாள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுகிறவள். அன்று பார்த்தது ஒரு பெரிய நடிகரின் படம். சுந்தரராஜுலு யோசிக்கவே இல்லை.

“படமாங்க கண்ணு அது? மூணு ஃபேஸ் கரண்டு குடுத்தும் ஒத்த ஃபேஸ்ல உறுமிட்டு நிக்குது. காயில் புகையறதுக்குள்ள ஆஃப் பண்ணிப்போட்டு வந்துட்டேன்.”

இருபத்தி மூன்று விநாடி வீடியோ. எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாளே அவர் ‘மோட்டார் மாமா’ ஆகிவிட்டார். கல்யாண வீடுகளில் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பந்தியில் அவர் பக்கத்து இலைக்குப் போட்டி நடந்தது. கம்பி வாங்கப் போன கடையில் முதலாளியே எழுந்து வந்து, “மாமா, இந்த வாரம் என்ன படமுங்க?” என்று கேட்டார். ஐம்பத்தாறு வயதுக்கு மேல் ஒரு மனுஷனுக்குத் திடீரென்று புகழ் வந்தால் என்ன ஆகும்? கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம் கூடிப்போகும். இவருக்கும் கூடிப்போனது.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வர்ஷினி அவருக்காகவே காத்திருந்தாள். வாரா வாரம் வாயில் வந்ததைச் சொன்னால் ஒரு வாரம் வராமல் போய்விட்டால் என்ன செய்வது? எனவே வியாழக்கிழமை சாயங்காலமே போனில் டிரெய்லரைப் போட்டுப் பார்த்து, நாலு வரி யோசித்து, மோட்டாருக்குள் வைக்கிற இன்சுலேஷன் பேப்பர் துண்டில் எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மோட்டாரை மெகர் வைத்துப் பார்க்காமல் வாய் திறக்காத மனுஷன், படத்தைப் பார்ப்பதற்கு முந்தின நாளே தீர்ப்பு எழுதினார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவருக்கு உறைக்கவில்லை. ஊரே சிரிக்கும்போது எங்கிருந்து உறைக்கும்?

போன ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை நஞ்சம்மாள் கடைக்கு வந்தார். துடியலூருக்கு மேற்கே வாழையும் பாக்கும் போட்டிருக்கிற தோட்டக்காரம்மா. கணவர் போன பிறகு பதினாலு வருஷமாகத் தனியாக நின்று விவசாயம் பார்க்கிறவர். அவர் தோட்டத்து மோட்டார் எல்லாம் ராஜு கை பட்டதுதான். அன்று மோட்டார் வரவில்லை. எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், ஒரு அட்டை என்று கல்யாணத்துக்கு அழைக்கிற தோரணையில் வந்திருந்தார்.

“ஏனுங்க ராஜுண்ணா, என்ர பையன் படம் எடுத்திருக்கானுங்க. வார வெள்ளிக்கிழமை வருதுங்க. நீங்களும் அண்ணியும் கண்டிப்பா வரோணும்.”

மகன் கிருபாசங்கர் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டு மூன்று வருஷம் இந்தப் படத்தைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறான். படத்தின் பெயர் ‘கணவாய்க்கு அப்பால்’. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாளையத்தில் தூது போகிற குதிரைக்காரன், அவனை விரும்பிய பாளையக்காரர் மகள், நடுவில் மலை, காடு, எதிரி. ஆனைமலை அடிவாரத்தில் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் கைக்கு எட்டிய செலவில்.

“ராஜக் கதையா? கஷ்டமாச்சுங்களே அம்மணி” என்றார் ராஜு.

“கஷ்டந்தானுங்க. நல்லாருக்குதா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க. சொந்தம் ஒறம்பரை எல்லாம் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. நீங்க மோட்டாரப் பாத்துத் தேறும், தேறாதுன்னு ஒத்த வார்த்தைல சொல்லுவீங்கள்ல, அதே மாதிரி இதையும் பாத்துச் சொல்லோணும். உங்க வார்த்தை ஒண்ணு வந்துச்சுன்னா, ரெண்டாவது வாரமும் தியேட்டர்ல உடுவாங்கன்னு பையன் சொல்றான்.”

ராஜுவுக்குப் பெருமை தாங்கவில்லை. “வாரேனுங்க” என்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல டிரெய்லரைப் பார்த்தார். ஒரே ஒரு குதிரை. அது ஓரிடத்தில் கீழே விழுந்து கிடந்தது. கோட்டை என்று காட்டியது எங்கோ பார்த்த ரைஸ்மில் சுவர். இருட்டில் ஒரு சுங்கச் சாவடி, முக்காடு போட்ட ஒரு கிழவி இரண்டு விநாடி விளக்கைத் தூக்கிக் காட்டினாள். நஞ்சம்மாள் மகன் படம் என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் பேப்பர் துண்டு கையில் வந்துவிட்டது. ‘சும்மா எழுதி வெப்போம், சொல்லவா போறோம்’ என்று நாலு வரி எழுதி மடித்தார்.

வெள்ளிக்கிழமை தியேட்டரே கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. பட்டுச்சேலைகள், வெள்ளை வேட்டிகள். வாசலில் நஞ்சம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றார். ராஜுவின் மனைவி வெங்கடலட்சுமிக்குக் கால் வலி, வரவில்லை. ராஜுவை மட்டும் கையோடு கூட்டிப்போய், நடு வரிசையில் தன் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார வைத்தார் நஞ்சம்மாள்.

முதல் பாதியை ராஜு பார்த்தார். அதை மறுப்பதற்கில்லை. கதாநாயகன் மணிக்கட்டில் வாட்ச் கட்டின வெள்ளைத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. போரில் செத்து விழுந்த மீசைக்காரர் அடுத்த காட்சியில் வேறு தலைப்பாகையோடு அரண்மனைக் காவலுக்கு நின்றார். காதல் வசனம் மட்டும் பரவாயில்லாமல் இருந்தது. இடைவேளையில் முட்டை பப்ஸ் இரண்டு சாப்பிட்டார். முந்தின நாள் ஒரு பெரிய மோட்டாரோடு மல்லுக்கட்டிய உடம்பு, ஏசி வேறு. விளக்கு அணைந்தது. கதாநாயகன் மலைப் பாதையில் ஏறத் தொடங்கினான். அதுவரைதான் அவருக்குத் தெரியும்.

கண் விழித்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜுவும் தட்டினார்.

நம் ஊரில் கல்யாணத்துக்குப் போனால் ஒரு முறை உண்டு. மண்டபத்துக்குள் இருக்கும் வரை எல்லாம் பிரமாதம். பொண்ணு லட்சணம், மாப்பிள்ளை ராஜா, ரசம் மாதிரி ரசம் உண்டா? வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்து சாவியைப் போட்ட பிறகுதான் ரசத்தில் உப்பில்லாதது நினைவுக்கு வரும். மண்டபத்தில் சொன்னதைப் பொய் என்றும் யாரும் நினைப்பதில்லை, வெளியே சொன்னதைத் துரோகம் என்றும் யாரும் நினைப்பதில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்வதுதான் இங்கே பாவம். ராஜுவும் அப்படியே வளர்ந்தவர். தட்டு வைத்து அழைத்த படத்துக்கு வந்தார், கல்யாணத்தில் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே நடந்துகொண்டார். வண்டி நிறுத்துகிற இடத்திலும் மைக் நிற்கும் என்பதைத்தான் மறந்துபோனார்.

முதலில் வராந்தா. கிருபாசங்கரின் கூட்டாளி ஒருவன் கேமராவோடு நிற்க, கிருபா வந்து காலைத் தொடக் குனிந்தான். பக்கத்தில் நஞ்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

“எப்படிங்க மாமா?”

“கண்ணு, நெம்ப நல்லா எடுத்திருக்கிற. அதுலயும் அந்த ரெண்டாவது பாதி இருக்குது பாரு, அசைய உடலீங்க என்னைய. வெளிநாட்டுப் படமாட்ட இருக்குது.”

அசையவில்லை என்பது மட்டும் உண்மை. நஞ்சம்மாள் லேசாகச் சிரித்து, “சந்தோசமுங்கண்ணா” என்றார்.

அடுத்தது பார்க்கிங். ஸ்கூட்டரை எடுக்கப் போனவரை வர்ஷினி பிடித்துக்கொண்டாள். “மோட்டார் மாமா! உங்களுக்குத்தான் வெயிட் பண்றேன். படம் எப்படி?” சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள் இப்போதே சிரிக்கத் தயாராக நின்றார்கள். ‘தெரிஞ்சவங்க படம் கண்ணு, உட்டுரு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“ஒரே குதிரைங்க கண்ணு. நல்லவனும் அதுலதான் வாரான், கெட்டவனும் அதுலதான் வாரான். கடைசில அது செத்துப் போகுது பாருங்க, அப்பத்தான் எனக்கு நிம்மதி. அதுக்காச்சும் ஓய்வு கெடைச்சுதே! நடிக்கறதெல்லாம் பந்தில உக்கார வந்த சொந்தக்காரங்க போல, புடிச்சு வேசம் கட்டி உட்டுட்டாங்க. அதுலயும் சுங்கச் சாவடில ஒரு கெழவி வெளக்கத் தூக்கிட்டு வருது. எனக்கென்னமோ ஃபாஸ்டேக் இருக்குதான்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜுவும் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பதினொரு லட்சம். முந்தின சாதனையை முறியடித்தாகிவிட்டது. டிரெய்லரில் முக்காடு மறைத்த கிழவி விளக்கைத் தூக்குகிற படத்தை வெட்டி, மேலே ‘ஃபாஸ்டேக் ஆத்தா’ என்று எழுதி ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். ராஜுவுக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

வீடியோவின் கீழே ஊர்ப்பட்ட சண்டை. “மாமா சொன்னது நூத்துக்கு நூறு, முதல் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்” என்றது ஒன்று. “பெரிய செட்டு இல்லாம இந்த அளவு எடுத்ததே பெருசு, சும்மா கலாய்க்காதீங்க” என்றது அடுத்தது. அந்தக் காலத்துச் சந்தையில் தக்காளி எப்படி வந்தது என்று ஒருவர் கேட்க, தக்காளி இல்லாமல் உங்களுக்கு ரசம் இறங்குமா என்று இன்னொருவர் கேட்க, அது தனியாக நாற்பது பதிலுக்கு ஓடியது. ஒரு பெண், “கடைசி இருபது நிமிஷம் நான் அழுதுட்டேன். சிரிக்கிறவங்க அதுவரைக்கும் உக்காந்து பாருங்க” என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒருவன் ஒற்றை வரி போட்டிருந்தான்: “மாமா, குதிரை சாகவே இல்லையே. செத்தது ஹீரோ.”

ராஜு அந்த வரியைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். திரும்ப எடுத்துப் பார்த்தார். அந்த வரிக்குக் கீழே இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு புண்ணியவான், கிருபாவின் கூட்டாளி விளம்பரத்துக்குப் போட்டிருந்த வராந்தா வீடியோவையும் பார்க்கிங் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிட்டான். இடது பக்கம் ராஜு, “ரெண்டாவது பாதி அசைய உடலீங்க.” வலது பக்கம் அதே ராஜு, அதே சட்டை, நெற்றியில் நஞ்சம்மாள் வைத்த அதே சந்தனம், “அப்பத்தான் எனக்கு நிம்மதி.” நடுவில் ஒரு குதிரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

வெங்கடலட்சுமி அதைத் தன் போனில் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்தாள். வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

“ஏனுங்க, அந்தக் குதிரை செத்துச்சா, சாகலையா?”

“அத உடு லட்சுமி.”

“ஒரு வார்த்தை சொல்லுங்க. செத்துச்சா, சாகலையா?”

“எனக்கெங்க தெரியும்? நாந்தான் தூங்கிப்போட்டனே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. வெங்கடலட்சுமி கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

“அப்ப நல்லாருக்குதுன்னு சொன்னதும் பாக்காமச் சொன்னது. நல்லால்லைன்னு சொன்னதும் பாக்காமச் சொன்னது. அந்தம்மா தட்டு வெச்சு அழைச்சாங்க உங்கள” என்றாள். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு பேச்சுப் பேசினதுகூட ராஜுவுக்குப் பெரிதாகப் படவில்லை, ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேச்சில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்று நினைத்தபோது காதெல்லாம் சுட்டது. வெட்கமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் டவுசர் கிழிந்தபோது வந்த மாதிரி வெட்கம். அப்போதாவது கையால் மறைத்துக்கொள்ள முடிந்தது.

திங்கட்கிழமை படத்தை ஒரு காட்சியாகக் குறைத்தார்கள். வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். கடைக்குத் தலைக்குனிவு வேறு விதமாக வந்தது. காரமடைக்காரர் ஒருவர் மோட்டாரை இறக்கினார். ராஜு வழக்கம்போலப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்து, “சுத்துனா ஓடுமுங்க” என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “மாமா, இது வராந்தாவுல சொல்றதுங்களா, பார்க்கிங்ல சொல்றதுங்களா?”

விளையாட்டுக்குத்தான் கேட்டார். ராஜுவும் சிரித்தார். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவர் ஷட்டரை இறக்கவில்லை. வர்ஷினி போன் செய்தாள். “மாமா, ‘நான் தூங்கிட்டேன்’னு ஒரு வீடியோ போட்டா பிச்சுக்கும்” என்றாள்.  முதலில் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ராஜு போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துடியலூர் போனார். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். நஞ்சம்மாள் கதவைச் சாத்திவிட்டால் அது ஒரு வகையில் நிம்மதி என்றுகூட நினைத்தார். தோட்டத்துச் சாளை வீட்டு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நஞ்சம்மாள் வெளியே வந்தார்.

“வாங்க ராஜுண்ணா, வாங்க. அண்ணிக்குக் கால்வலி எப்படீங்க இருக்குது? உக்காருங்க, ஃபேன் போடறேன்.”

கொஞ்சமும் மாறாத குரல். கிருபாசங்கரும் அறையிலிருந்து வந்து, “வாங்க மாமா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். காபி வந்தது. தெற்குக் கிணற்று மோட்டார் இப்போது சத்தம் போடுவதில்லை என்று நஞ்சம்மாள் சொன்னார். மழை பற்றிச் சொன்னார். இப்படியே விட்டால் மத்தியானம் வரைக்கும் மரியாதையாகப் பேசிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ராஜுவுக்குத் தெரிந்தது.

“அம்மணி,” என்றார், டம்ளரைக் கீழே வைத்து. “நா பெரிய தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. பேசுனதச் சொல்லல. அதுவும் தப்புத்தான். நா ரெண்டாவது பாதி படம் பாக்கவே இல்லீங்க. தூங்கிப்போட்டேன்.”

கிருபாசங்கர் அம்மாவைப் பார்த்தான். நஞ்சம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

“தெரியுமுங்கண்ணா. பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். கொறட்டை வந்துச்சு. எழுப்பலாமான்னு பாத்தேன், வேலை அலுப்பு பாவம்னு உட்டுட்டேன். பையன்கிட்டக்கூடச் சொல்லலீங்க.”

‘ரெண்டாவது பாதி அசைய உடலீங்க’ என்று தான் சொன்னபோது இந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது ராஜுவுக்கு நினைவு வந்தது. சிரித்து, சந்தோசம் என்று சொன்னதும் நினைவு வந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கை விரல்களைப் பார்த்தார்.

“படத்த இப்பப் பாக்க முடியுங்களா கண்ணு?” என்று கிருபாவைக் கேட்டார். “தியேட்டர்ல இல்லேன்னு தெரியும். வேற எதுலயாச்சும்.”

கிருபா லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். இடைவேளைக்குப் பிறகு ஓடவிட்டான். நஞ்சம்மாள், “இட்லி ஊத்திப்போட்டு வாரேன்” என்று உள்ளே போனார்.

மலைப்பாதைச் சண்டை சுமார்தான். ஒரு பாட்டு தேவையே இல்லை. ராஜு இமை கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்தார். எதிரிகளின் ஈட்டி பட்டுக் குதிரை விழுந்தது. டிரெய்லரில் பார்த்த இடம். ஆனால் அது எழுந்தது. கதாநாயகன்தான் எழவில்லை. கடைசி மூச்சில் ஓலையைச் சேணத்துக்குள் செருகிக் குதிரையைத் தட்டி விட்டான்.

பிறகு கணவாய்ச் சுங்கச் சாவடி வந்தது. இருட்டு. பாளையக்காரர் மகள் உள்ளே ஒளிந்து காத்திருக்கிறாள். சாவடியைக் காக்கிற கிழவி விளக்கோடு வெளியே வருகிறாள். வெறும் சேணத்தோடு குதிரை வந்து நிற்கிறது. கிழவி விளக்கைத் தூக்கிப் பார்க்கிறாள். முக்காடு விலகுகிறது.

நஞ்சம்மாள்.

தலையில் நரை பூசி, கன்னத்தில் கோடு வரைந்திருந்தார்கள். இருந்தாலும் நஞ்சம்மாள்தான். ராஜு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். திரையில் அந்தக் கிழவி அழவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. விளக்கை ஓரமாக வைத்தாள். பானையில் தண்ணீர் கொண்டுவந்தாள். குதிரையின் காலில் இருந்த ரத்தத்தைத் தோட்டத்தில் மாட்டைக் கழுவுகிற பழக்கத்தோடு நிதானமாகக் கழுவினாள். சேணத்தைக் கழற்றினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே பார்த்து ஒரே ஒரு வரி சொன்னாள்: “குதிரை வந்துருச்சு கண்ணு. வெளிய வா.”

அவ்வளவுதான். நாலு நிமிஷம் இருக்கும். ராஜுவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசைக்கு வந்தது. சமையலறையில் இட்லிப் பானை மூடியின் சத்தம் கேட்டது.

இந்த நாலு நிமிஷத்தை அவர் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தம்மா தன் பக்கத்துச் சீட்டில் அவரை உட்கார வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் இவர் குறட்டை விட்டார். பிறகு வெளியே போய் ஃபாஸ்டேக் என்றார். பதினொரு லட்சம் பேர் சிரித்தது இந்தம்மாவைப் பார்த்து. அதன் பிறகும் வா என்று கூப்பிட்டு, ஃபேன் போட்டு, காபி கொடுத்திருக்கிறார்கள். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

படம் முடிந்தது. படம் நல்ல படமா என்று யாராவது கேட்டிருந்தால், அவரிடம் இப்போது பதில் இருந்தது. முதல் பாதி இழுவை, சண்டை சொதப்பல், காதலில் உயிர் இருக்கிறது, அந்த நாலு நிமிஷத்துக்காகவே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். முழுசாகப் பார்த்துச் சொல்கிற சொல்.

“கண்ணு,” என்றார். “நா நாளைக்கே அந்தப் புள்ளயக் கூப்பிட்டு, தூங்குனதயும் சொல்லிப்போட்டு, அம்மா சீனப் பத்தியும் சொல்லிப்போடறேன். உள்ளது உள்ளபடி சொல்றேன்.”

கிருபாசங்கர் லேப்டாப்பை மூடினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பல நாள் தூங்காத களைப்பு இருந்தது.

“வேண்டாங்க மாமா. நீங்க சொல்லாம இருந்திருந்தா படம் ரெண்டாவது வாரமும் ஓடியிருக்கும்னு நா சொல்ல மாட்டேன். அது வேற. ஆனா அடுத்த மாசம் ஓடிடில வருதுங்க. இப்ப நீங்க நல்லாருக்குதுன்னு சொன்னாலும் சிரிப்பாங்க, நல்லால்லைன்னாலும் சிரிப்பாங்க. சிரிக்கறதுக்கு மறுபடியும் அம்மா படத்தத்தான் எடுத்துப் போடுவாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்கன்னா, அதே எங்களுக்குப் பெரிய உதவிங்க மாமா.”

பேச்சு முழுக்க ‘ங்க’ இருந்தது. முதலிலும் முடிவிலும் ‘மாமா’ இருந்தது. ராஜுவுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நஞ்சம்மாள் தட்டில் இட்லியும் சட்னியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றார். படம் முடிந்துவிட்டது அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஊருக்குச் சொல்லக் கூடாது, சரி. இவரிடமாவது சொல்ல வேண்டுமே. ராஜு எழுந்தே நின்றுவிட்டார்.

“அம்மணி, அந்தச் சேணத்தக் கையில வெச்சுட்டு நிப்பீங்களே, எங்க வெக்கறதுன்னு தெரியாம. சத்தியமாச் சொல்றேனுங்க, நா இத்தன வருசத்துல பாத்த படத்துல அப்படி ஒருத்தரும் நடிச்சதில்லீங்க.”

நஞ்சம்மாள், அவர் தூங்கினது தெரிந்தும் தியேட்டர் வராந்தாவில் சிரித்தாரே, அதே சிரிப்பைச் சிரித்தார்.

“சரீங்கண்ணா” என்றார். “இட்லி ஆறுதுங்க. இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்து தட்டை நீட்டினார்.